நோயாளியின் பக்கத்தில் நின்றதற்கு எத்தனை மார்க்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு நர்சாவது இல்லாத சொந்தபந்தம் அபூர்வம். அக்கா குவைத்தில், மதினி பெங்களூரில், சித்தி மகள் ஆசாரிப்பள்ளத்தில் என்று எங்காவது ஒருவர் இருப்பார். ஆனாலும் பல்கலைக்கழக ரிசல்ட் வந்த அன்று, "எத்தனை பெர்சன்ட் மக்ளே?" என்று வீட்டில் கேட்டால், இப்போது பி.எஸ்சி. நர்சிங் படிக்கிற பிள்ளைகளால் ஒற்றை எண்ணில் பதில் சொல்ல முடிவதில்லை. "ரெண்டு ஏ, மூணு பி பிளஸ், ஒரு சி, எஸ்ஜிபிஏ ஏழு சொச்சம்" என்கிறார்கள். கேட்டவருக்கு அது சந்தோஷப்பட வேண்டிய செய்தியா, கவலைப்பட வேண்டியதா என்று பிடிபடுவதில்லை.

அந்த எழுத்துகள் எங்கிருந்து வருகின்றன, எதை அளக்கின்றன, எதை அளக்காமல் விடுகின்றன என்று விளக்கத்தான் இதை எழுதுகிறேன். நான் நர்சிங் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருப்பவள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போதைய மதிப்பீட்டு முறை முன்பிருந்ததைவிட நல்ல முறை. ஆனால் நோயாளியின் கட்டில் அருகே ஒரு மாணவி என்ன செய்கிறாள் என்பதற்கு அதில் இருக்கும் இடம் போதாது. இருக்கிற இடமும் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பப்படுகிறது.

முதலில் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். நாடு முழுவதற்குமான நர்சிங் பாடத்திட்டத்தை வகுப்பது, 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்திய நர்சிங் கவுன்சில். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக தேசிய நர்சிங் மற்றும் மிட்வைஃபரி ஆணையச் சட்டம் 2023இல் நிறைவேறியது. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. தேர்வை நடத்திப் பட்டம் தருவது சென்னையிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். அதனோடு இணைந்த கல்லூரி குலசேகரத்தில் இருந்தாலும் கோவையில் இருந்தாலும் எழுத்துத் தேர்வின் வினாத்தாள் ஒன்றுதான். வேறுபடுவது இன்டர்னல் என்று பிள்ளைகள் சொல்லும் அகமதிப்பீடும் செய்முறைத் தேர்வும். அவை அந்தந்தக் கல்லூரியில், அந்தந்த மருத்துவமனையில் நடக்கின்றன.

2021-22 கல்வியாண்டில் சேர்ந்தவர்களிலிருந்து பாடத்திட்டம் மாறியது. அதுவரை ஆண்டுக்கு ஒரு பெரிய தேர்வு. இப்போது நான்கு ஆண்டுகளும் எட்டு செமஸ்டர்களாகப் பிரிந்திருக்கின்றன. கூடவே கிரெடிட் முறையும் பத்துப் புள்ளி கிரேடும் வந்தன. 85 சதவீதத்துக்கு மேல் வாங்கினால் ஓ கிரேடு, பத்துப் புள்ளி. 80 முதல் 85-க்குள் ஏ பிளஸ், ஒன்பது. 75 முதல் 80-க்குள் ஏ, எட்டு. 65 முதல் 75-க்குள் பி பிளஸ், ஏழு. 60 முதல் 65-க்குள் பி, ஆறு. 50 முதல் 60-க்குள் சி, ஐந்து. ஐம்பதுக்குக் கீழே போனால் எஃப், புள்ளி எதுவும் இல்லை. ஆங்கிலத்துக்கும் விருப்பப் பாடங்களுக்கும் மட்டும் 40 எடுத்தாலே பாஸ் (P) என்ற தனி கிரேடு உண்டு, நான்கு புள்ளி.

இந்தப் படிகளின் அகலம் ஒன்றுபோல் இல்லை என்பதைக் கவனியுங்கள். 65 வாங்கியவளும் 74 வாங்கியவளும் ஒரே பி பிளஸ். 64.5 வாங்கியவள் ஒரு படி கீழே. ஆகவே ஒரு கிரேடு குறைந்துவிட்டது என்று பிள்ளை அழுதுகொண்டு வந்தால், உண்மையில் அரை மார்க் வித்தியாசமா ஒன்பது மார்க் வித்தியாசமா என்று முதலில் கேட்பது நல்லது.

ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு எடை உண்டு. அதுதான் கிரெடிட். பாடம் எடுத்த புள்ளியை அதன் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுத்தால் அந்த செமஸ்டரின் எஸ்ஜிபிஏ. ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். ஆறு கிரெடிட் பாடத்தில் ஏழு புள்ளி, நான்கு கிரெடிட் பாடத்தில் எட்டு, மூன்று கிரெடிட்டில் ஐந்து, இரண்டு கிரெடிட்டில் ஒன்பது, இன்னொரு மூன்று கிரெடிட்டில் எட்டு. பெருக்கிக் கூட்டினால் 131. மொத்த கிரெடிட் 18. வகுத்தால் 7.28. எல்லா செமஸ்டரையும் இப்படிச் சேர்த்தால் வருவது சிஜிபிஏ.

இதில் வார்டுக்குப் போகிறவர்கள் மட்டும் உணரும் ஒரு விஷயம் இருக்கிறது. வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு என்றால் ஒரு கிரெடிட். பொம்மைகளை வைத்துப் பழகும் ஸ்கில் லேபில் அதே ஒரு கிரெடிட்டுக்கு வாரம் இரண்டு மணி. மருத்துவமனை போஸ்டிங்கில் வாரம் நான்கு மணி. செமஸ்டருக்கு 20 வாரம் என்று வைத்துக்கொண்டால், வகுப்பில் 20 மணி நேரம் உட்கார்ந்ததும் வார்டில் 80 மணி நேரம் நின்றதும் ஒரே கிரெடிட். வகுப்புக்கு வெளியே தனியாகப் படிக்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் காலை ஏழு மணிக்கு யூனிஃபார்ம் போட்டு பஸ் பிடித்து, வார்டில் கால் கடுக்க நின்று, இரவில் கேர் பிளான் எழுதும் பிள்ளைகளிடம் இந்த நியாயத்தைச் சொல்லிப் பாருங்கள்.

இனி அகமதிப்பீட்டுக்கு வருவோம். விஷயத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது.

எழுத்துப் பாடத்தில் 25 மார்க் கல்லூரி கையில், 75 மார்க் பல்கலைக்கழகத் தேர்வில். கல்லூரி தரும் 25-ல் 15 மார்க், செஷனல் என்று கல்லூரியே நடத்தும் இரண்டு தேர்வுகளுக்கு. மீதி 10 தொடர் மதிப்பீடு. வருகைக்கு 2, அசைன்மென்டுக்கு 10, செமினார் மாதிரியானவற்றுக்கு 12, குழு வேலைக்கு 6 என்று முப்பதுக்குப் போட்டு மூன்றால் வகுப்பார்கள். வருகைக்கான இரண்டு மார்க்கிலும் படிகள் உண்டு. 95 சதவீதத்துக்கு மேல் வந்தால் முழு இரண்டு, 80-ஐ ஒட்டி நின்றால் அரை. தேர்வு எழுதவே 80 சதவீத வருகை வேண்டும். மருத்துவமனை போஸ்டிங்கில் பட்டம் வாங்குவதற்குள் நூற்றுக்கு நூறு வருகையைக் காட்டியாக வேண்டும். காய்ச்சலோ வீட்டில் சாவோ, விட்ட நாளை வேறொரு நாள் செய்து ஈடுகட்டியே ஆக வேண்டும். வெளியாட்களுக்கு இது கொடுமையாகத் தெரியலாம். ஊசி போடும் கை பழகுவதற்கு வேறு குறுக்கு வழி கிடையாது என்பதால் இந்த விதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

செய்முறைக்கான அகமதிப்பீடு தனி. கவுன்சில் தந்திருக்கும் 25 மார்க் மாதிரியிலும் 15 செஷனலுக்கு, 10 தொடர் மதிப்பீட்டுக்கு. இந்தப் பத்தையும் முதலில் முப்பதுக்குப் போடுகிறார்கள். வருகை 2. கேஸ் பிரசன்டேஷன், மருந்து விவரம், கேஸ் ஸ்டடி ஆகிய எழுத்து வேலைகளுக்கு 10. போஸ்டிங் முடிவில் ஒவ்வொரு வேலையாகச் செய்து காட்டும் ஆஸ்கி தேர்வுக்கு 5. சொன்ன ப்ரொசீஜர்களை எல்லாம் செய்து முடித்ததற்கு 3. மிச்சமிருக்கும் 10 மார்க்தான் வார்டில் நாள்தோறும் எப்படி நடந்துகொண்டாள், எப்படி வேலை செய்தாள் என்பதற்கு. மூன்றால் வகுத்தபின் அது 25-ல் மூன்று சொச்சம்.

இதை நின்று யோசிக்க வேண்டும். வாரக்கணக்கில் நோயாளிகளின் பக்கத்தில் அவள் காட்டிய கவனம், பேசிய விதம், பிபி பார்த்தபோது குறைந்திருந்ததை உடனே ஸ்டாஃபிடம் சொன்ன பொறுப்பு எல்லாம் சேர்ந்து மூன்று சொச்சம். அதே எடை, அழகாக மார்ஜின் போட்டு எழுதிய கேஸ் ஸ்டடிக்கும் மருந்துக் குறிப்புக்கும் உண்டு. ரெக்கார்ட் எழுதுவது தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. எழுதத் தெரியாத நர்ஸ் ஆபத்தானவள். டியூட்டி மாறும்போது அடுத்தவருக்குக் கிடைப்பது அந்த எழுத்து மட்டும்தான். ஆனால் சீனியர் அக்காவின் பழைய ரெக்கார்டைப் பார்த்து எழுதிவிட முடியும். நெஞ்சுவலி என்று சொன்ன பெரியவரின் முகத்தைப் பார்த்து எடுத்த முடிவை யாரையும் பார்த்து எழுத முடியாது.

முறையில் ஒரு நல்ல தடுப்பு இருக்கிறது. எழுத்திலும் செய்முறையிலும் தனித்தனியே 50 எடுத்தால்தான் தேர்ச்சி. எழுத்தில் எண்பது வாங்கி செய்முறையின் பள்ளத்தை நிரப்ப முடியாது. ஆனால் செய்முறைக்குள்ளேயே சராசரி வேலை செய்கிறது. அங்கேதான் எனக்குப் பயம்.

பொட்டாசியம் குளோரைடு அடர்த்தியாக ஆம்ப்யூலில் வரும். அதை அப்படியே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். நன்றாக நீர்த்துத்தான், மெதுவாகத்தான் கொடுக்க வேண்டும். ஒரு மாணவி கை கழுவுவதிலிருந்து படுக்கை விரிப்பு வரை எல்லாம் சரியாகச் செய்து, இந்த ஓர் இடத்தில் தவறுகிறாள் என்று வையுங்கள். செக்லிஸ்டில் அது ஒரு வரி. இருபது வரியில் ஒரு வரி தவறினால் 95 சதவீதம். தாளில் ஓ கிரேடு. வார்டில் ஒரு உயிர்.

இன்சுலினையும் பாருங்கள். நம் ஊர் அரசு மருத்துவமனைகளிலும் மருந்துக்கடைகளிலும் அதிகம் கிடைப்பது மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பி. அதற்கென்று 40 கோடு போட்ட சிரிஞ்ச் இருக்கிறது. 100 யூனிட் குப்பியும் அதற்கான சிரிஞ்சும் தனி. மாற்றி எடுத்தால் அளவு இரண்டரை மடங்கு கூடும், அல்லது அதே கணக்கில் குறையும். சர்க்கரை நோயாளிகள் நிறைந்த நம் மாவட்டத்தில், வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் போஸ்டிங்கில்கூட ஒரு மாணவி எதிர்கொள்ளக்கூடிய விஷயம் இது. இதைப் பத்தில் ஏழு என்று மார்க் போட முடியுமா? தெரியும், அல்லது தெரியாது. அமெரிக்காவில் பல நர்சிங் பள்ளிகள் மருந்துக் கணக்கைத் தனித் தேர்வாக வைத்து, 90 சதவீதமோ முழு நூறோ எடுக்காதவர்களை வார்டுக்கு அனுப்புவதில்லை. வார்டு வேலைக்கு அங்கே பெரும்பாலும் மார்க்கே கிடையாது. திருப்தி, திருப்தியில்லை என்ற இரண்டு முடிவுகள்தான். எழுத்துப் பாடத்தின் தேர்ச்சி எல்லையையும் 75-க்குக் குறையாமல் வைக்கிற பள்ளிகள் அங்கே ஏராளம். இங்கே 50 போதும் என்பதை நினைத்தால் எனக்கு உறுத்துகிறது.

வார்டில் செய்வதை எப்படித்தான் அளப்பது? இந்தக் கேள்வியோடு மருத்துவக் கல்வியாளர்கள் ஐம்பது ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் ரொனால்ட் ஹார்டன் என்ற மருத்துவர் 1975இல் ஒரு தேர்வு முறையை முன்வைத்தார். தேர்வரை ஒரே நோயாளியிடம் ஒரே தேர்வாளர் முன் நிறுத்தாமல், பல ஸ்டேஷன்களை வரிசையாக அமைத்தார். ஒவ்வொன்றிலும் சில நிமிடங்கள், ஒரு வேலை, எல்லோருக்கும் ஒரே செக்லிஸ்ட். மணி அடித்ததும் அடுத்த ஸ்டேஷன். அதுதான் ஆஸ்கி. பழைய செய்முறைத் தேர்வில் ஒருத்திக்கு அமைதியான நோயாளி கிடைப்பார், இன்னொருத்திக்கு வாய் திறக்காதவர் கிடைப்பார். எக்ஸ்டர்னலாக வெளியிலிருந்து வரும் தேர்வாளர் நல்லவரா கோபக்காரரா என்பதும் அதிர்ஷ்டம். ஆஸ்கி அந்த அதிர்ஷ்டத்தைக் குறைத்தது. இப்போதைய நம் பாடத்திட்டத்தில் செஷனலிலும் பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்விலும் அது இடம்பெற்றிருக்கிறது.

ஆனால் ஸ்டேஷனில் படுத்திருப்பது பொம்மை, அல்லது நோயாளிபோல் நடிக்கும் ஜூனியர். கன்னியாகுமரியின் நோயாளி அப்படி இருக்கமாட்டார். விளவங்கோடு பக்கத்திலிருந்து வரும் பாட்டி பாதி மலையாளத்தில் பேசுவார். குளச்சலில் கடலுக்குப் போகிறவர் வலியைக் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார். ரப்பர் வெட்டும் பெண்ணுக்கு வேலைக்குத் திரும்பும் அவசரம். பேச்சிப்பாறை மலையிலிருந்து வரும் காணி மக்களோ, கேட்டால் மட்டுமே பதில் சொல்வார்கள். "கெறக்கமா இருக்கு மக்ளே" என்று ஒருவர் சொன்னால், சர்க்கரை குறைந்ததா, பிபி மாத்திரை கூடிவிட்டதா, காலையிலிருந்து சாப்பிடவில்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பிரித்தெடுக்க வேண்டும். அந்தத் திறமை ஐந்து நிமிட ஸ்டேஷனில் வெளிப்படாது.

அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990இல் இதை நான்கு படிகளாக அடுக்கிக் காட்டினார். அடியில், தெரியும். அதற்கு மேல், எப்படிச் செய்வதென்று தெரியும். மூன்றாவது, செய்து காட்டுவாள். உச்சியில், உண்மையில் செய்கிறாள். எழுத்துத் தேர்வு முதல் இரண்டு படிகளை அளக்கும். ஆஸ்கி மூன்றாவதை அளக்கும். தேர்வு என்று தெரியாதபோது, யாரும் பார்க்காதபோது அவள் கை கழுவினாளா என்பது நான்காவது. அதை வார்டில் பக்கத்தில் நின்று பார்ப்பவரால்தான் சொல்ல முடியும். நேரடியாகக் கவனித்து மார்க் போடும் டிஓபி என்ற பகுதி நம் பாடத்திட்டத்தில் இருப்பது இதற்காகவே. செஷனல் செய்முறையில் ஆஸ்கிக்கு 10 என்றால் இதற்கு 20. நல்ல முடிவு. பிரச்சினை அதை நடத்துவதில் இருக்கிறது. வார்டில் பத்து மாணவிகளுக்கு ஒரு ஆசிரியர் என்பது விதி. பத்துப் பேர் ஐந்து வார்டுகளில் பரவி நிற்கும்போது ஒரு ஆசிரியர் யாரை, எவ்வளவு நேரம் கவனிப்பார்?

அதனால் நடப்பது என்ன? போஸ்டிங் முடியும் நாளில் படிவம் வரும். நேரம் தவறாமை, தோற்றம், பேச்சு, திறமை என்று தலைப்புகள். எல்லோருக்கும் ஏழு, எட்டு, ஏழு, எட்டு. யூனிஃபார்ம் மடிப்பு கலையாமல் இருப்பவளுக்கும் அதிகம் பேசாதவளுக்கும் ஒன்று கூடும். கேள்வி கேட்கிற பிள்ளைக்கு ஒன்று குறையும். அமைதியான பிள்ளை நல்ல நர்ஸ் என்று நினைப்பது நம் ஊரின் பழைய பழக்கம். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. டாக்டர் எழுதிய டோஸ் தவறாகத் தெரிந்தால் வாய் திறந்து கேட்கிறவள்தான் நோயாளியைக் காப்பாற்றுவாள்.

இந்த ஏழு-எட்டு மார்க்குக்கு மாற்று ஒன்று பல காலமாக இருக்கிறது. கேத்லீன் போண்டி என்ற அமெரிக்க நர்சிங் பேராசிரியர் 1983இல் ஐந்து படிகள் கொண்ட ஒரு அளவை வெளியிட்டார். மேல்படியில், யாரும் தூண்டாமல் பாதுகாப்பாகவும் சரியாகவும் செய்கிறாள். அடுத்தது, எப்போதாவது நினைவூட்டினால் போதும். மூன்றாவது, அடிக்கடி சொல்லித்தர வேண்டும். நான்காவது, தொடர்ந்து பக்கத்தில் நிற்க வேண்டும், சில சமயம் பாதுகாப்பே கேள்வியாகிறது. கடைசியில், செய்யவே முடியவில்லை. இதில் மாணவிக்கு எவ்வளவு உதவி தேவைப்பட்டது என்பதுதான் அளவுகோல். பத்துக்கு ஏழு என்று சொன்னால் மாணவிக்கு எதுவும் புரியாது. "ஐவி லைன் போடும்போது இன்னும் உனக்கு ரெண்டு தடவை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கு" என்று சொன்னால், நாளை என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கே தெரியும். இதற்குப் புதிய பாடத்திட்டமோ அரசாணையோ தேவையில்லை. ஒரு தாளும் மனதும் போதும்.

கடினமான பகுதி, ஒரு மாணவிக்கு ஃபெயில் போடுவது. 2003இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஸ்காட்லாந்தில் கேத்லீன் டஃபி என்ற ஆய்வாளர், வார்டில் மாணவர்களை மதிப்பிடும் நர்சுகளிடம் பேசினார். தேர்ச்சிக்குத் தகுதியில்லை என்று மனதுக்குப் பட்டும் பாஸ் போட்டிருப்பது தெரியவந்தது. பிரச்சினையைத் தாமதமாகக் கவனிப்பது, சந்தேகத்தின் பலனை மாணவருக்குக் கொடுப்பது, அடுத்த போஸ்டிங்கில் சரியாகிவிடும் என்று நம்புவது, பிள்ளையின் எதிர்காலத்தைக் கெடுக்க மனம் வராதது என்று காரணங்கள் வந்தன. அவர் ஸ்காட்லாந்தைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் நகையை அடகு வைத்தும் கல்விக் கடன் வாங்கியும் மகளைப் படிக்கவைக்கும் வீடுகளைத் தெரிந்த ஒரு ஆசிரியருக்கு, அந்தக் கடைசிக் காரணம் இங்கே எத்தனை மடங்கு கனக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அரியர் விழுந்தால் அடுத்தடுத்த செமஸ்டரில் உட்காரலாம் என்றாலும், முந்தைய பாடங்களை எல்லாம் முடிக்காமல் ஐந்தாம் செமஸ்டர் தேர்வை எழுத முடியாது. மொத்தப் படிப்பையும் எட்டு ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும். ஒரு எஃப் என்பது வீட்டுக் கணக்கில் ஒரு ஆண்டு.

பிரிட்டன் இதற்கு ஒரு வழி கண்டது. 2018இல் வந்த அவர்களின் புதிய விதிகளின்படி, வார்டில் சொல்லிக்கொடுப்பவர் ஒருவர், தேர்ச்சியை முடிவு செய்பவர் வேறொருவர். தினமும் கூட நின்று பாசம் வைத்தவரிடம் தீர்ப்பைக் கொடுக்கக் கூடாது என்பதே எண்ணம். இங்கே இருக்கும் ஆசிரியர் எண்ணிக்கையில் அது உடனே நடக்காது. ஆனால் போஸ்டிங்கின் பாதியிலேயே மாணவியை உட்காரவைத்து, எது சரியில்லை என்று எழுதிக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டால், கடைசி நாளில் பாஸ் போடவோ மறுக்கவோ ஆசிரியருக்குத் தைரியம் வரும். மாணவிக்கும் திருத்திக்கொள்ள நாள் இருக்கும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதல் மாவட்டம் நம்முடையது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக நெய்யூரிலும் நாகர்கோவிலிலும் மிஷன் மருத்துவமனைகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரிலும் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு முதல் செமஸ்டர் அனாடமி தாள் மலையாக நிற்கிறது. தேர்வு முழுக்க ஆங்கிலத்தில். பெரிய கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரியும், வாக்கியம் வராது. அவள் வாங்கும் சி கிரேடில் எவ்வளவு நர்சிங், எவ்வளவு ஆங்கிலம் என்று யாராலும் பிரிக்க முடியாது. அதே பிள்ளை வார்டில் பாட்டியிடம் மருந்து எப்போது, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று பேசினால் பாட்டி ஒரு வார்த்தை தவறவிடமாட்டார். டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளிக்கு விளக்குவதை முறையாக மார்க் போட்டால், இந்தப் பிள்ளைகள் பலர் வகுப்பின் முதல் வரிசைக்கு வருவார்கள். ஆங்கிலத்தையும் விட்டுவிட முடியாது. மருந்தின் பெயரும் டாக்டரின் ஆர்டரும் ஆங்கிலத்தில்தான். ஆகவே முதல் ஆண்டில் அவர்களுக்குத் தனி உதவி கொடுத்தாக வேண்டும். அதைக் கொடுக்காமல் முதல் செமஸ்டர் கிரேடை வைத்து ஒரு பிள்ளையை "ஆவரேஜ்" என்று முத்திரை குத்துவது அநியாயம்.

சரி, இத்தனை பாடுபட்டு வாங்கிய சிஜிபிஏ அப்புறம் எதற்குப் பயன்படும்? படிப்பு முடியும்போது 7.5-க்கு மேல் டிஸ்டிங்ஷன், ஆறுக்கு மேல் முதல் வகுப்பு. எம்.எஸ்சி. சேர பி.எஸ்சி.யில் 55 சதவீதமும் ஓராண்டு அனுபவமும் வேண்டும். வேலைக்கு என்றால் கதையே வேறு. மாநில அரசு மருத்துவமனைகளுக்கு எம்ஆர்பி எனப்படும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போட்டித் தேர்வு வைத்து ஆள் எடுக்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு 2020 முதல் நார்செட் என்ற பொதுத் தேர்வு. வளைகுடா நாடுகளுக்கு அந்தந்த நாட்டு லைசென்ஸ் தேர்வு. இங்கெல்லாம் பட்டமும் நர்சிங் கவுன்சில் பதிவும், சில இடங்களில் அனுபவமும் இருந்தால் உள்ளே போகலாம். சி வாங்கியவளும் ஓ வாங்கியவளும் அங்கே ஒரே வரிசையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள்.

பிரிட்டனுக்குப் போகிறவர்களுக்கு கணினித் தேர்வுக்குப் பிறகு பத்து ஸ்டேஷன் கொண்ட ஆஸ்கி காத்திருக்கிறது. அங்கே நோயாளியின் பாதுகாப்பைப் பாதிக்கும் சில தவறுகளைச் செய்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த ஸ்டேஷன் தோல்விதான். அமெரிக்காவின் லைசென்ஸ் தேர்வான என்கிளெக்ஸில் மார்க்கே சொல்லமாட்டார்கள். 2023 ஏப்ரலில் மாறிய வடிவத்தில் குறைந்தது 85 கேள்வி, அதிகம் 150. ஒவ்வொரு பதிலையும் பார்த்து கணினி அடுத்த கேள்வியின் கடினத்தைத் தீர்மானிக்கும். இவள் பாதுகாப்பான எல்லைக்கு மேலேதான் இருக்கிறாள், அல்லது கீழேதான் இருக்கிறாள் என்று 95 சதவீத உறுதி கிடைத்ததும் நிறுத்திவிடும். சிலருக்கு 85-லேயே நின்றுவிடும், சிலருக்கு 150 வரை ஓடும். முடிவு பாஸ் அல்லது ஃபெயில். மனப்பாடம் செய்த விளக்கங்களைவிட, ஒரு நோயாளியின் நிலை மணிக்கு மணி மாறும்போது முதலில் என்ன செய்வாய் என்பதையே அந்தப் புதிய வடிவம் அதிகம் கேட்கிறது. இங்கே ரெக்கார்டிலும் கைடு புத்தகத்திலும் மார்க் வாங்கிய பிள்ளைகள் அங்கே திணறுவதும், வார்டில் ஊன்றி நின்ற சாதாரண கிரேடு பிள்ளைகள் தாண்டிப் போவதும் இதனால்தான் என்பது என் எண்ணம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எஸ்ஜிபிஏ எவ்வளவு என்று கேளுங்கள், தப்பில்லை. கூடவே செய்முறைப் பாடத்தின் கிரேடு தனியாக என்ன என்று கேளுங்கள். எழுத்தில் சி, செய்முறையில் ஏ என்றால் ஆங்கிலமோ எழுதும் வேகமோ காரணமாக இருக்கலாம்; பயிற்சியால் சரியாகும். எழுத்தில் ஏ, செய்முறையில் சி என்றால் நோயாளியைத் தொடவே பயப்படுகிறாளா, வார்டில் யாராவது திட்டிக்கொண்டே இருக்கிறார்களா என்று உட்கார்ந்து விசாரியுங்கள். பல பிள்ளைகள் படிப்பை விட்டுவிட நினைப்பது தேர்வு கடினம் என்பதால் அல்ல, முதல் ஆண்டு வார்டில் கிடைத்த ஏச்சால்.

மாணவிகளுக்குச் சொல்வது இன்னும் எளிது. இன்டர்னல் மார்க்கின் பிரிவுகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது உங்கள் மார்க். மொத்தம் 25-க்கு 18 என்றால் எதில் குறைந்தது என்று தெரியாமல் அடுத்த போஸ்டிங்குக்குப் போகாதீர்கள். போஸ்டிங்கின் நடுவில் ஆசிரியரிடமோ வார்டு சிஸ்டரிடமோ, "மேடம், நான் எதை மாத்திக்கணும்?" என்று நீங்களே போய்க் கேளுங்கள். பிசியாக இருக்கும் ஆசிரியர்கூட, கேட்கிற பிள்ளையை அதற்குப் பிறகு கவனித்துப் பார்ப்பார். ப்ரொசீஜர் புக்கில் செய்யாததற்குக் கையெழுத்து வாங்காதீர்கள். கதீட்டர் போட்டதாக ஐந்து கையெழுத்து இருந்து, கை ஒரு தடவைகூட அதைச் செய்யாமல் இருந்தால், முதல் இரவு டியூட்டியில் அந்தக் கையெழுத்து எதுவும் உதவாது.

கல்லூரிகள் செய்யக்கூடியது ஒன்று உடனடியாக இருக்கிறது. ஒவ்வொரு செய்முறை செக்லிஸ்டிலும் உயிருக்கு ஆபத்தான வரிகளைச் சிவப்பு மையில் குறித்துவிட வேண்டும். நோயாளியின் பெயரைச் சரிபார்ப்பது, அலர்ஜி கேட்பது, மருந்தின் அளவு, ரத்தப் பையைச் சரிபார்ப்பது, கை கழுவுவது. இவற்றில் ஒன்று தவறினாலும் மொத்த மார்க் எவ்வளவு வந்தாலும் அந்த ப்ரொசீஜரை மறுபடி செய்து காட்ட வேண்டும் என்று வைத்தால் போதும். செஷனல் மார்க் கல்லூரியின் கையில் இருக்கும்போது இதற்குப் பல்கலைக்கழகத்தின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த செஷனலிலேயே தொடங்கலாம்.